தூளியில் இறங்கிய விருந்தாளிகள்

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் கோந்த்வா பக்கம் நாங்கள் வீடு வாங்கிக் குடியேறிய புதிது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். முன்னால் ஸ்கூட்டர் நிறுத்த இடம், பின்னால் நாலு செடி வைக்க ஒரு துண்டு மண். சுற்றிலும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருந்ததால் காலையில் துடைத்த ஜன்னலில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி. அந்தத் துண்டு மண்ணில் நான் ஒரு பூசணிக்கொடி போட்டேன். கொடி மதிலேறிப் பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்த்தது. பூ கொள்ளை கொள்ளையாகப் பூத்தது. பிஞ்சு மட்டும் நிற்கவில்லை. கோலிக்குண்டு அளவுக்கு வரும், மஞ்சளாகும், உதிரும்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுக்கிறவள் நான். ஆண் பூ, பெண் பூ, மகரந்தம் என்று வருஷா வருஷம் போர்டில் கலர் சாக்பீஸில் படம் போடுகிறவள். என் வீட்டுக் கொடிக்குத் தேனீ வரவில்லை, அதனால்தான் காய் பிடிக்கவில்லை என்பது உறைக்கவே எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. உறைத்ததும் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு விடிந்தும் விடியாததுமாகப் பூப்பூவாகத் தொட்டுக்கொண்டு திரிந்தேன்.

அதைப் பார்த்துச் சிரித்தவள் பக்கத்து வீட்டு மராத்திப் பெண். என்னைவிட ரொம்பச் சின்னவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில்தான். வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அது தமிழ் அக்காவா, மராத்தி அக்காவா என்று நான் கேட்டதில்லை. "பூவுக்குக் கல்யாணமா அக்கா? பத்திரிகை எங்கே?" என்று இந்தியும் மராத்தியும் கலந்து கேட்டாள். இடுப்பில் அவளுடைய பெண் குழந்தை, தவழக்கூட ஆரம்பிக்காத வயது. அந்தக் குழந்தைக்கு ஒரே ஒரு குறைதான், தூங்காது. பிறந்த வீட்டிலிருந்து வந்த அழகான மரத்தொட்டிலில் போட்டால் வீறிடும். கோழி போலக் கண் அசந்து, உடனே முழித்துக்கொள்ளும். பொறுக்க முடியாமல் ஒரு நாள் எங்கள் பின்பக்கத் தாழ்வாரக் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டி, கயிறு கட்டி, என் பழைய நூல் சேலையில் தூளி போட்டுக் கொடுத்தேன். அதில் கொஞ்ச நேரமாவது தூங்கியது. அன்றிலிருந்து காலை நேரங்களில் குழந்தை எங்கள் வீட்டில்தான்.

பிரஷ் பிடித்துக் கை சலித்துப்போய், நகரத்தில் தேனீ வளர்ப்புக்குச் சில நாள் வகுப்பு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரி நான். தேனுக்குப் பேர் போன ஊர். ஆனால் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது புனே வந்த பிறகுதான். வகுப்பில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். செடிக்கு மருந்தடிப்பதை நிறுத்தினேன். கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டேன். துளசி, சூரியகாந்தி, கடுகு என்று தூவினேன். தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைத்தேன், தேனீ முழுகாமல் குடிக்க. கொய்யா மரத்தடியில் ஒரு காலிப் பெட்டியும் வைத்தேன், இடம் தேடிப் பறக்கிற கூட்டம் ஏதாவது வந்து குடியேறும் என்று. ஒற்றை ஒற்றையாகத் தேனீக்கள் வந்து பூவில் உட்கார ஆரம்பித்தன. பெட்டியில் குடியேறியது ஒரு பல்லியும் கொஞ்சம் எறும்பும்தான். சாகண் தொழிற்சாலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் என் கணவர், செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "ஒனக்க விருந்தாளிக வந்தாச்சா?"

அடுத்த வெயில் காலத் தொடக்கம். ஹோலி நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் எலுமிச்சைப் புல்லைக் கசக்கித் தேய்த்தால் கூட்டம் வரும் என்று வகுப்பில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. இங்கே டீயில் போடுகிற புல்தான் அது. கவ்தி சஹா என்பார்கள், வீட்டுக்கு வீடு ஒரு புதர் நிற்கும். ஒரு கட்டு அறுத்து, அம்மியில் நசுக்கி, பெட்டிக்குள் நாலு பக்கமும் தேய்த்தேன். கையெல்லாம் பச்சைச் சாறு. அந்த நேரம் பார்த்துக் குழந்தையோடு அவள் வந்தாள். தூளிக் கயிறு தளர்ந்து இறங்கியிருந்தது. சாறு வழிகிற கையாலேயே கயிற்றை அவிழ்த்து, இழுத்து, முறுக்கி, இறுக்கி முடிச்சுப் போட்டேன். குழந்தையைக் கிடத்தினாள். தெருவில் தண்ணீர் டேங்கரின் ஹாரன் கேட்டது. அந்த நாட்களில் எங்கள் பகுதிக்கு டேங்கர்தான் கங்கை. என் குடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடினாள். குழந்தை தூங்கியதும் நான் சாதம் வடிக்க உள்ளே போனேன்.

ஒரு இரைச்சல் கேட்டது. டேங்கரில் மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது கிட்டே வந்தது. எட்டிப் பார்த்தேன். கொய்யா மரத்துக்கு மேலே ஆகாயம் பழுப்பாகக் கலங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் தேனீக்கள், ஒன்றையொன்று இடிக்காமல், குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மொத்தமாக நகர்ந்து வந்தன. வந்துவிட்டார்கள் என்று சந்தோஷத்தில் கரண்டியோடு வெளியே ஓடினேன். கூட்டம் பெட்டியைத் தாண்டியது. தாழ்வாரத்துக்குள் நுழைந்தது. தூளி முடிச்சைச் சுற்றிச் சுழன்று, அதன் மேல் அப்பத் தொடங்கியது.

கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. பெட்டியில் எவ்வளவு சாறு தேய்த்தேனோ அதைவிட அதிகமாக அந்தக் கயிற்றில் தேய்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புத்தியில் தட்டியது. பத்திரிகை வைத்தது நான்தான், விலாசம்தான் மாறிப்போனது. கண்ணெதிரே முடிச்சு மறைந்தது, கயிறு மறைந்தது, சேலையின் மேல்பகுதி மறைந்தது. பலாப்பழம் அளவுக்கு ஒரு உயிருள்ள உருண்டை. அதற்கு ஒரு முழம் கீழே, சேலை மடிப்புக்குள், அவள் குழந்தை.

பூச்சிமருந்து ஸ்பிரே ஜன்னல் மேல் இருந்தது. கை தானாக அதை எடுத்தது. இடம் தேடிப் போகிற கூட்டம் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுக் கிளம்பும், காக்க வீடு இல்லாததால் கொட்டாது, சீண்டினால் மட்டும் எதுவும் நடக்கலாம் என்று வகுப்பில் எழுதிப் பரீட்சையே கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் காகிதத்தில் சரி. அடுத்தவள் பெற்ற பிள்ளையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க யாருக்குத் துணிவு வரும்? ஸ்பிரேயைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

அப்போது அவள் குடத்தோடு வந்துவிட்டாள். குடம் உருண்டது. "ஆக்யா! அக்கா, ஆக்யா மோஹோள்!" என்று அலறினாள். பாறையிலும் உயரமான கட்டடங்களிலும் கூடு கட்டும் பெரிய மலைத்தேனீக்கு இங்கே அதுதான் பெயர். துரத்தித் துரத்திக் கொட்டும், ஆளையே கொல்லும். இது அது இல்லை, சின்ன ஜாதி, பொந்தில் கூடு கட்டுகிற சாது என்று சொல்ல நேரமில்லை. அவள் பாய்ந்தாள். நான் குறுக்கே விழுந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். பெற்றவளைப் பிள்ளையிடம் போகவிடாமல் பிடித்து வைப்பதைவிடக் கொடுமையான வேலை உலகத்தில் இல்லை. "ஹலூ நகோஸ், அசையாதே, அசையாதே" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்குச் சொன்னேனா, எனக்குச் சொன்னேனா தெரியாது.

மெல்ல மெல்ல இரைச்சல் அடங்கியது. பறந்தவை எல்லாம் உருண்டையில் சேர்ந்துகொண்டன. ஒரு முனகல் மட்டும் மிச்சம். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். தூளிக்குள் அசைவே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு சேலை மடிப்பின் இடுக்கு வழியாக ஒரு குட்டிக் கை வெளியே வந்தது. விரல்கள் விரிந்து மூடின. ஒரு தேனீ இறங்கி வந்து அந்த விரல்களின் மேல் நடந்தது. குழந்தை அழவில்லை. 'ங்கு' என்று ஒரு சத்தம் கொடுத்தது, யாரோ கொஞ்சினால் கொடுக்குமே, அந்தச் சத்தம்.

இனி காத்திருக்க முடியாது. குழந்தை காலை உதைத்தால் போதும், தூளி குலுங்கும். ஆனால் குழந்தையைச் சட்டென்று தூக்கவும் கூடாது. பாரம் குறைந்ததும் ஸ்பிரிங் துள்ளும், உருண்டை அப்படியே தலையில் உதிரும். ஒருத்தர் சேலையை அதே பாரத்தில் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருத்தர் எடுக்க வேண்டும். அவளிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்தாள். எழுந்தாள். இரண்டு கையிலும் நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். அவற்றை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், முழங்கை வரைக்கும் ஏற்றி இறுக்கிக்கொண்டாள். அப்படிச் செய் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவும் இல்லை.

நான் தூளியின் இரு பக்கத்தையும் பிடித்தேன். பிடித்ததும் அதிர்ந்துபோனேன். கிரைண்டர் ஓடும்போது மேடையில் கை வைத்தால் தெரியுமே, அது மாதிரி சேலை முழுவதும் அதிர்ந்துகொண்டிருந்தது. நெற்றிக்குப் பக்கத்தில் உருண்டையின் வெதுவெதுப்பு. என் விரலிடுக்கில் ஒன்று மாட்டி நறுக்கென்று கொட்டியது. கண்ணில் நீர் முட்டியது, பிடியை விடவில்லை. அவள் குனிந்து, மடிப்பை விலக்கி, இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். குழந்தை எழும்ப எழும்ப நான் கீழே அழுத்தினேன். உருண்டை லேசாக ஆடி நின்றது. ஒரு தேனீ குழந்தையின் நெற்றியில் இறங்கிப் புருவத்தின் மேல் மெதுவாக நடந்தது. தட்டிவிட யாருக்கும் கை இல்லை. குழந்தை கண்ணைச் சிமிட்டியது. தேனீ பறந்துபோனது. அவள் ஒரு அடி, இன்னொரு அடி பின்னால் வைத்து, மதில் பக்கம் போய், ஓடினாள். அவள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் கதறி அழுவது கேட்டது.

சேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டு நான் அப்படியே சுவரோடு உட்கார்ந்தேன். இன்றோடு எல்லாம் போயிற்று, பெட்டியும் வேண்டாம் பூசணியும் வேண்டாம், அவள் முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று நினைத்து அழுதேன். தேனீக்கள் போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். போகவில்லை.

பொழுது சாயும் நேரம் கணவர் வந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூளிக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள், உதறி உள்ளே விட்டுவிடலாம் என்றேன். சேலையில் கிடக்க விட்டால் எந்த வீட்டுக்குள் நுழையுமோ. கொசுவலைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஒனக்க விருந்தாளிகள நீயே கவனிச்சுக்கம்மா" என்றார். மதில் பக்கம் சத்தம் கேட்டது. குழந்தையைத் தன் கணவரிடம் விட்டுவிட்டு அவள் வந்துகொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. வளையல்கள் இன்னமும் முழங்கையிலேயே இருந்தன.

"பெட்டியை நான் பிடிக்கிறேன்" என்றாள். நான் என்னவோ மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் மேலே பார்த்தபடியே குறுக்கிட்டாள்: "பிறந்ததிலிருந்து இப்படி அவள் ஒரு நாளும் தூங்கியதில்லை அக்கா. இத்தனை சத்தத்தில், இவங்களுக்குக் கீழே தூங்கியிருக்கா பாருங்க."

ஸ்டூலில் ஏறிக் கயிற்றை ஒரே ஒரு உதறு உதறினேன். உருண்டை பொத்தென்று பெட்டிக்குள் விழுந்தது. அவள் கை கீழே போய் மேலே வந்தது, பெட்டி நழுவவில்லை. சுற்றிலும் மேகம் போல எழும்பின. பெட்டியைக் கொய்யா மரத்தடியில் வைத்துவிட்டு விலகி நின்றோம். பெட்டியின் வாசலில் சில தேனீக்கள் வாலைத் தூக்கிக்கொண்டு இறக்கையை விசிறத் தொடங்கின. வெளியே இருந்தவை அந்தப் பக்கம் திரும்பி, கல்யாண வீட்டுக்குள் ஜனம் நுழைகிற மாதிரி, வரிசை வரிசையாக உள்ளே நடந்தன. அப்போது ஒரு வாசனை வந்தது. எலுமிச்சைப் புல் வாசனை. பெட்டியில் தேய்த்தது வெயிலில் எப்போதோ காய்ந்திருக்கும். இது அவற்றின் உடம்பிலிருந்து வந்தது என்றுதான் எனக்குப் பட்டது. "கவ்தி சஹா" என்று அவளும் மெல்லச் சொன்னாள். எத்தனையோ யுகமாக அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷையில் ஒரு சொல்லை, அர்த்தம் தெரியாமல், நான் அந்தக் கயிற்றில் எழுதி வைத்திருக்கிறேன். கை கூப்ப வேண்டும் போலிருந்தது. கூப்பவும் செய்தேன்.

அந்த மழைக்காலம் பூசணி காய்த்துக் குவிந்தது. முதல் காய் மதிலைத் தாண்டிப் போய், வெல்லம் போட்ட பூரியாக, கார்கே என்ற பெயரில் திரும்பி வந்தது. தூளி வேறு கொக்கிக்கு மாறியது. குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறாள். இன்னமும் லேசில் தூங்க மாட்டாளாம்.

பெட்டி ஒன்று மூன்றாகிவிட்டது. ஒவ்வொரு முறை திறக்கும் முன்னாலும் என் வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொள்கிறேன். வளையல் சத்தம் தேனீக்களுக்குக் கேட்குமா என்பது அறிவியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கே தெரியாது. ஆனால் அன்று பயத்தில் செத்துப் பிழைத்த ஒரு தாய் அவற்றுக்குக் காட்டிய மரியாதை அது, அதில் இம்மியளவும் குறைத்துக்கொண்டு அவற்றின் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வருவதில்லை.