யோகம்மா அக்காவின் கறுப்புச் சேவல்

யோகம்மா அக்கா இறந்த செய்தியை அவருடைய தங்கையின் கணவர் குணம் அண்ணன்தான் தொலைபேசியில் சொன்னார். அலுவலகத்தில் நான் மாதக் கோழிக்குஞ்சு விநியோக அறிக்கையை நிரப்பிக்கொண்டிருந்தேன். "புள்ள, அக்கா போயிற்றா. தேத்தண்ணி குடிச்சிற்று நெஞ்சு நோகுதெண்டா. அவ்வளவுதான்" என்றார். பிறகு, "அவட கறுப்புச் சேவலும் அந்தப் பேட்டுக் கோழியும் உங்கட்டத்தானே நிக்குது?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். ஏன் கேட்டார் என்பது ஒரு கிழமை கழித்துத்தான் தெரிந்தது.

இந்த நினைவு மலரை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் அவரை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள். எனக்கு அவரை மூன்று ஆண்டுகள்தான் தெரியும். அதிலும் முதல் ஆண்டு முழுவதும் நாங்கள் எதிரெதிரே நின்றோம்.

பட்டதாரி நியமனத்தில் என்னைக் கால்நடை அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். நான் படித்தது புவியியல். எங்கள் பெரியகல்லாற்று வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கோழி எண்ணுவதற்கு எதற்குப் பட்டம் என்று வாவியில் வலை வீசும் அப்பாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்போது ஒரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் நிற்கும் நாட்டுச் சேவலைக் கொடுத்தால், அதிகம் முட்டையிடும் இனத்துச் சேவல் ஒன்றை இலவசமாகத் தருவோம். நாட்டுச் சேவல் ஊரில் நின்றால் இனம் கலந்துவிடும் என்று அதைக் கையோடு கொண்டுபோய்விடுவோம். அதற்கான பதிவேட்டுடன்தான் செட்டிபாளையத்தில் அவர் வேலியோரம் போய் நின்றேன்.

முற்றம் முழுக்கச் சாம்பல் நிறக் கோழிகள். மழைக்கு முன் வாவி எடுக்கிற நிறம். ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் கரியால் மெல்லிய கோடு இழுத்தது போலிருந்தது. கூப்பிடக் கூச்சப்பட்டு நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஆர்கா அது, வேலிக்க நிண்டு மூச்சு விடுற?"

"சேவல் கணக்கெடுக்க வந்தனான்."

"கம்பசில படிச்ச புள்ளயோ? என்ன படிச்ச?"

"புவியியல்."

"அப்ப பூமிய எண்ணு. சேவல நான் எண்ணிக்கொள்ளுறன்."

அன்று அந்த வீட்டுக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த முறை எங்கள் அலுவலகத்தின் கால்நடை டொக்டரும் வந்தார். கோபக்காரர் அல்லர், படித்ததைப் படித்தபடி நம்புகிறவர். முற்றத்தில் சாம்பலோடு சில கறுப்புக் கோழிகளும் நின்றன. சுண்ணாம்பில் தோய்த்துக் கரி தெறித்தது போன்ற வெள்ளைக் கோழிகளும் நின்றன. அவற்றைக் காட்டி, "இது இனமில்லை அம்மா, கலப்பு. இனமெண்டா குஞ்சு தாய் தகப்பன்ட நிறத்தில வரவேணும்" என்றார்.

"உங்கட புள்ளையள் எல்லாம் உங்கட நிறமா டொக்டர்?"

டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. கூட்டைத் திறந்து ஒரு கறுப்புச் சேவலையும் ஒரு சுண்ணாம்புப் பேட்டையும் தூக்கி வந்து அவர் முன்னால் விட்டார். "நீங்க கலப்பெண்டு சொல்லுற ரெண்டு இது. ரெண்டும் சாம்பலில்ல. இதுகள்ட முட்டையில ஒரு குஞ்சாவது கறுப்பாவோ வெள்ளையாவோ வந்தா, என்ட சேவல் எல்லாத்தையும் கொண்டு போங்க. எல்லாம் சாம்பலா வந்தா, இது இனமெண்டு எழுதணும்."

டொக்டர் ஒப்புக்கொண்டார். சாட்சி நான்.

அந்த இரண்டையும் தனிக்கூட்டில் அடைத்தார். உடனே முட்டை சேர்க்கவில்லை. "மற்றச் சேவல்ட வித்து பேட்டுக்குள்ள ரெண்டு கிழமைக்கு மேலயும் நிக்கும். மூணு கிழமை போகட்டும். மறுகா ஒருத்தரும் வாய் திறக்கக் கூடா" என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு அலுவலகம் போகும் வழியில் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டில் கிடக்கும் முட்டையில் நான் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது டொக்டரின் ஏற்பாடு. முதல் நாள் பேனையை எடுத்தேன். "மை ஓட்டுக்குள்ளால இறங்கும் புள்ள" என்று ஒரு பென்சில் துண்டைத் தந்தார். இன்னொருவருடைய எதிர்காலத்தின் மேல் நான் வைத்த முதல் கையெழுத்து அதுதான். பிடிக்கத் தெரியாமல் பிடித்ததில் முட்டை உருண்டு போனது. அக்கா தாவிப் பிடித்துவிட்டு, "கம்பசில முட்டை பிடிக்கப் படிப்பிக்கிறல்லையா?" என்றார்.

பதினொரு முட்டை சேர்ந்ததும், அடையிலிருந்த சாம்பல் பேடு ஒன்றின் கீழ் வைத்தார். ஓலைக் கடகத்தில் மணல், அதன் மேல் வைக்கோல், ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பாணியும். ஆணி எதற்கென்று கேட்டேன். "இடி இடிச்சாக் கரு கலங்குமாம். எனக்கு நம்பிக்கையில்ல. ஆனா ஆணி கிடந்தா ஆருக்கு நட்டம்?" ஏழாம் நாள் முட்டைகளைத் கூரைத் தகரத்தின் ஓட்டையில் விழுந்த வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, கருக்கட்டாத இரண்டை ஒதுக்கினார்.

இருபத்தோராம் நாள் நான் போனபோது ஒன்பதும் பொரித்திருந்தன. ஓட்டுத் துண்டுகளில் என் கையெழுத்து உடைந்து கிடந்தது. ஒரு குஞ்சின் தலையில் என் பெயரின் முதலெழுத்து தொப்பி போல ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக ஈரம் காயக் காய நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். சாம்பல். சாம்பல். ஒன்பதும் சாம்பல். அக்கா துள்ளவுமில்லை, அழவுமில்லை. "டொக்டர வரச்சொல்லு" என்றார்.

டொக்டர் வந்தார். ஒவ்வொரு குஞ்சையும் கையில் தூக்கிப் பார்த்தார். கறுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சாம்பல்தான் வரும், சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் மூன்று நிறமும் பிரிந்து வரும். இதைத் தான் படித்ததுண்டு, இந்த முற்றத்தில் தேடிப் பார்க்கவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். ஆனால் எங்கள் பதிவேட்டில் 'நாட்டுச் சேவல்', 'மாற்றப்பட்டது' என்ற இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. இனம் என்று எழுத இடமில்லை. அவர் என்னிடம் மெல்லிய குரலில், "சேவல் இல்லையெண்டு போட்டுவிடுங்க. பிரச்சினையில்லாம முடியும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் அப்படியே எழுதினேன்.

"என்ன எழுதுற?" என்று அக்கா கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"அழி."

"அக்கா, அப்படி எழுதினா உங்கட சேவல ஒருத்தரும் கேட்டு வரமாட்டாங்க."

"களவெடுத்தா வளக்கிறன், ஒளிக்க? இண்டைக்கு இல்லையெண்டு எழுதினா நாளைக்கு இல்லாமத்தான் போகும். இருக்கு எண்டு எழுது. தரமாட்டன் எண்டும் எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"கொப்பியில ஓரம் இருக்கெல்லா? அதில எழுது."

எழுதினேன். டொக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகொரு நாள் பதிவேட்டைப் பரிசோதிக்க வந்த அதிகாரி, இது யார் கிறுக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. அந்த ஓரக் குறிப்பினால் தீவன உதவிப் பட்டியலில் அக்காவின் பெயர் விடுபட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை. "தவிடிருக்கு, புத்தில கறையானிருக்கு. கடதாசியத் தின்னா என்ட கோழி வளருது?"

சேவலைக் கொடுத்த அயல் வீடுகளில் புது இனப் பேடுகள் நிறைய முட்டையிட்டன. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்றுகூட அடை படுக்கவில்லை. அந்தப் பெண்களே முட்டைகளை ஓலைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு அக்காவிடம் அடைக்கோழி இரவல் கேட்டு வந்தார்கள். அவர் கொடுத்தார், வாயைச் சும்மா வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை. "உங்கட கோழிக்கு முட்டை போடத் தெரியும். தாயாகத் தெரியா." அவர் வாய்க்குப் பயந்து நானும் சில மாதங்கள் அந்த வீதியால் போகாமல் இருந்திருக்கிறேன். அவரோடு பழகுவது இலகுவல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

சென்ற மாரியில் நோய் விழுந்து அவருடைய சாம்பல் சேவல்கள் எல்லாம் போயின. பேடுகள் சில தப்பின. சேவலில் மிஞ்சியது அந்தக் கறுப்பு ஒன்றுதான். சுற்றியிருந்த வீடுகளில் நின்றவை அத்தனையும் திட்டச் சேவல்கள். இரண்டு மாதத்துக்கு முன் அவரை ஆஸ்பத்திரியில் மறித்துத் தங்கவைத்தபோது கறுப்பையும் சுண்ணாம்புப் பேட்டையும் என்னிடம் ஒப்படைத்தார். வீடு திரும்பிய பிறகும் கேட்கவில்லை. "உன்னட்ட நிக்கட்டும். நீ ஓரத்தில எழுதத் தெரிஞ்சவள்" என்றார்.

எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம். அதற்கு முதல் நாள் குணம் அண்ணன் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வெறும் சாக்கு. கண்கள் வீங்கியிருந்தன.

"அக்காவுக்குக் கோழிக்கறியெண்டா உயிர். படைக்காம விடேலா. சாம்பல் பேட்டில கை வைக்க எங்களுக்கு மனமில்ல, அது அவட பேர். அந்தக் கறுப்பத் தாங்க புள்ள. நிறம் பிழைச்சதுதானே."

அன்பினால்தான் கேட்டார். அக்காவின் பெயரைக் காப்பாற்ற நினைத்து, அந்தப் பெயரின் வேரில் கத்தி வைக்க வந்திருந்தார். பெரியவர்கள் கேட்டால் இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சேவல் பறந்துபோய்விட்டது, நாய் பிடித்துவிட்டது என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம்.

"இருக்கு அண்ணன். தரமாட்டன்."

குசினி வாசலில் அம்மா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். "என்ன?" என்றார் குணம் அண்ணன். திரும்பவும் சொன்னேன். பிறகு காரணத்தைச் சொன்னேன்: இதை வெட்டினால் அக்காவின் முற்றத்துப் பேடுகளுக்கு அவற்றின் வழியில் ஒரு சேவல் கிடையாது, இந்தப் பேடுகளோடு எல்லாம் முடிந்துவிடும். அவர் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்கை நாலாக மடித்தார்.

"அக்காட வாய் உங்களுக்கும் ஒட்டிற்றுகா. அப்ப படையலுக்கு என்ன செய்யிற?"

"கடையில வெள்ளைக் கோழி வாங்குங்க அண்ணன். அத வெட்டினா அக்கா ஒண்டும் சொல்லமாட்டா."

ஏழு நாளுக்குப் பிறகு அவர் அன்றுதான் சிரித்திருப்பார். படையலில் கடைக்கோழிதான் கறியானது. உருசி பார்த்திருந்தால் அக்கா நாலு வார்த்தை சொல்லியிருப்பார்.

எட்டு முடிந்த மறுநாள் சுண்ணாம்புப் பேடு அடை படுத்தது. பதினொரு முட்டை வைத்திருக்கிறேன். ஆணியும் போட்டிருக்கிறேன். அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் பொரிக்க வேண்டும். சேவலைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்தியவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். சேவற் குஞ்சு கேட்டு வாருங்கள். வளர்க்கிறவர்களுக்குத் தருவேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை யாரும் விரும்பாத நிறத்தில் இரண்டு கோழிகளும் தேய்ந்த ஒரு பென்சில் துண்டும்தான். இந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரியகல்லாறும் என் பொறுப்பில் வந்தது. எங்கள் வீட்டுக்குரிய வரியில், நாட்டுச் சேவல் என்ற கட்டத்தில், ஒன்று என்று எழுதினேன். மிச்சத்தை ஓரத்தில் எழுதினேன், இந்த முறை பேனையால்.