A என்றால் என்னவென்று பாய் சொல்லவில்லை!

போன திங்கட்கிழமை கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, தோழிகளே!

பல வருடங்களாக கோல்ஃப் மைதானத்தில் இறங்காதவர்களை, ஆடும் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்து வெறும் உறுப்பினர் பட்டியலில் போடப் போகிறார்களாம். என் பெயரும் அதில் இருந்தது.

(வெறும் உறுப்பினர் என்றால் சனிக்கிழமை மாலை தம்போலா ஆடலாம், வெங்காய பஜ்ஜி சாப்பிடலாம். அவ்வளவுதான்!)

கடிதத்தில் மூன்று பிழைகள். சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டு, செயலாளர் சம்பத்துக்கு போன் செய்தேன். என் கணவரோடு இருபது வருடம் கோல்ஃப் ஆடியவர்.

"ஏனப்பா சம்பத், நான் செத்துப்போயிட்டேன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"ஐயோ வதினா, அப்படிப் பேசாதீங்க!" (வதினா என்றால் அண்ணி. எங்கள் வீட்டுத் தெலுங்கு.) "அண்ணன் போனதுக்கப்புறம் எட்டு வருசமா நீங்க மட்டையவே தொடலீங்களே. ரூலுங்க வதினா."

"இப்பத் தொட்டா?"

"ஞாயித்துக்கிழமை என்கூட ஒன்பது குழி ஆடுங்க. மொத்தம் அறுபது தடவைக்குள்ள அடிச்சு முடிச்சுப்போட்டீங்கன்னா, பேரை ஒருத்தரும் எடுக்க முடியாதுங்க."

போனை வைத்த பிறகு என்னால் உட்காரவே முடியவில்லை. ஹாலில் நின்று குடையை வீசிப் பார்த்தேன். (மீன் தொட்டி மயிரிழையில் தப்பியது!)

என் மட்டைகளை என் கணவர் இறந்த வருடமே நாத்தனார் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அலமாரியில் இருந்தது அவருடைய செட். அவர் ஆறடி. நான் ஐந்தடி ஒரு அங்குலம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அதை வைத்து ஆடினேன். முதல் நாள் எழுபத்தெட்டு. மறுநாள் எழுபத்தொன்பது!

பந்து பறக்கவே இல்லை. விரட்டின கோழி மாதிரி தரையோடு ஓடியது. குறை என் கையிலா, மட்டையிலா? அது தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை உக்கடம் பக்கம் இப்ராஹிம் பாய் கடைக்குப் போனேன். டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவார், சிங்கப்பூரிலிருந்து வரும் கோல்ஃப் மட்டைகளும் விற்பார். கடைக்குப் பின்னால் கொடிக் கயிற்றில் ஒரு பவானி ஜமக்காளம் தொங்கும். அதைப் பார்த்துப் பந்தை அடித்து மட்டையைச் சோதிக்க வேண்டியதுதான்.

மூன்று மட்டைகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் தண்டிலும் ஓர் ஆங்கில எழுத்து.

"இந்த L என்னங்க பாய்?"

"லேடீஸுங்கம்மா. வெயிட்டே இருக்காது."

"வேண்டாங்க. விசிறியாட்ட இருக்குது. R?"

"ரெகுலருங்க. வயசுப் பசங்க அடிக்கிறது. உங்க தோளுக்கு ஆகாதுங்க."

மூன்றாவதை வாங்கி வீசினேன். டொப்! ஜமக்காளம் பின்னால் இருந்த சுவர் வரைக்கும் போய் வந்தது. என் கை அடித்து அப்படி ஒரு சத்தம் கேட்டு எட்டு வருடம் ஆகிவிட்டது.

"இதுல A-ன்னு போட்டிருக்குதே, அப்படின்னா?"

பாய் தொண்டையைச் செருமினார். தொப்பியைச் சரிசெய்தார்.

"அது எல்லாருக்கும் அமையாதுங்கம்மா. பல வருசம் ஆடி, நின்னு நிதானமா அடிக்கிறவங்களுக்குத்தானுங்க."

அதாவது முதல் தரம்! கான்வென்ட்டில் தையல் தவிர எல்லாப் பாடத்திலும் நான் A வாங்கியவள் என்பது உங்களுக்குத் தெரியும். முழு செட்டையும் எடுத்துக்கொண்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ('ஞா' தட்டுவதற்கு மறுபடியும் ஐந்து நிமிடம் தேடினேன். இந்தத் தமிழ்க் கீபோர்டைச் செய்தவர் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்!)

எட்டுக் குழி முடிந்தபோது ஐம்பத்தேழு. ஒன்பதாவது, குட்டையைத் தாண்டி அடிக்க வேண்டிய குழி. அடிக்க மிச்சம் மூன்றே தடவை.

பையிலிருந்து ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தேன். அப்போதுதான் சம்பத் குனிந்து அதன் தண்டைப் பார்த்தார்.

"வதினா! A-ன்னு போட்டா சீனியர் ஷாஃப்டுங்க! வயசான ஆம்பளைங்களுக்குச் செய்யறது. எங்க மாமனார் இதைத்தான் வெச்சிருக்காரு!"

மாமனாருக்கு எண்பத்திரண்டு வயது.

காது இரண்டும் எரிந்தன. அந்த மட்டையைப் பைக்குள் திணித்தேன். துணைக்கு இருக்கட்டும் என்று என் கணவருடைய ஏழாம் நம்பரையும் பையில் போட்டிருந்தேன். அதை உருவிக்கொண்டு பந்தின் பக்கத்தில் போய் நின்றேன்.

நிற்க முடியவில்லை. காலை மாற்றினேன், பிடியை மாற்றினேன். குட்டையில் ஒரு கொக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாளில் ஒரு தடவைகூட இந்த மட்டை எனக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டியது என்ன? சம்பத் வாயை அடைப்பதா, பட்டியலில் என் பெயரா?

"ஒரு நிமிசம் சம்பத்" என்று சொல்லிவிட்டு, போய் A-வையே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

டொப்!

கொக்கு எழுந்து பறந்தது. பந்து அதற்கும் மேலே பறந்தது! குட்டையைத் தாண்டிப் புல்தரையின் ஓரத்தில் விழுந்து நின்றது. அங்கிருந்து இரண்டு தட்டு. மொத்தம் அறுபது.

"பேரு அங்கேயேதானுங்க வதினா" என்று சம்பத் கை கொடுத்தார்.

சந்தோஷமாகத் தூங்கியிருக்க வேண்டாமா? எனக்கு அந்த ஒரு எழுத்து உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை கடை திறக்கும் முன்பே பாய் வாசலில் போய் நின்றேன்.

"ஏனுங்க பாய், A-ன்னா என்னன்னு நான் அன்னைக்கே கேட்டேனா இல்லீங்களா?"

"கேட்டீங்கம்மா."

"அப்புறம் ஏன் சொல்லலீங்க?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களாம்மா?"

காலை நேரத்தில் பொய் சொல்வானேன்?

"மாட்டேனுங்க" என்றேன்.

"அதானுங்க" என்று ஷட்டரைத் தூக்கிவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். நீங்கள் என்றால் எடுத்திருப்பீர்களா?

யோசித்துப் பதில் எழுதுங்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் ஆறு வருடம் உட்கார்ந்தவள் நான். பொய் சொன்னால் தெரிந்துவிடும்!