ஆற்றில் இறங்கிய அக்கா

ரயில் நிலையத்து சிக்னல் அறையில் சிக்னல்காரர் கை அசையாமல் ஒரு வண்டியும் நகராது. விடுமுறை நாளில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதை விளையாட்டு நடத்தும்போதும் அதே பிடிதான். கதை சொல்பவர் அவர். கதைக்குள் வீரர்களாக வாழ்பவர்கள் அக்காவும் அத்தானும். முடிவு தெரியாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள்; விழும் எண்தான் பேசும்.

அன்று அவர்களுக்காக மண்டையை உடைத்துக்கொண்டு கதைக்குள் ஓர் அரண்மனை கட்டி வைத்திருந்தார். அக்காவோ, "ராஜாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆத்தைத் தாண்டி கொள்ளைக்காரங்களோட சேரப் போறேன்" என்றாள்.

"ஆத்துல வெள்ளம்."

"படகு?"

"உடைஞ்சு கிடக்கு."

"நீந்துறேன்."

"முதலை இருக்கு."

அக்காவின் முகம் சிவந்தது. "எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிட்டா நாங்க எதுக்குடா? சுவத்துக்கிட்ட கதை சொல்லிக்கோ." அத்தானும் மேசையை விட்டு எழுந்தார்.

சிக்னல்காரர் பகடையை அக்கா பக்கம் தள்ளினார். "பத்துக்கு மேல விழுந்தா கரை சேருவ. இல்லேன்னா வெள்ளம் கொண்டுபோயிடும்."

மூன்று விழுந்தது. மாதக்கணக்கில் அக்கா வளர்த்த வீராங்கனை ஆற்றோடு போனாள். வீடு இரண்டாகப் போகிறது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அக்கா பெருமூச்சு விட்டாள். "போகட்டும். நானா இறங்கினேன், நானா செத்தேன்." பிறகு கணவரிடம், "நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

அத்தான் மறுபடி உட்கார்ந்து பகடையை எடுத்தார். கதைக்குள் அவரும் ஆற்றுப் பக்கம்தான் போனார்.