இடப்பக்கச் சுவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், போன ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை பூரணிக்கு நடந்தது. இன்றைக்கும் யாராவது சுவரைத் தட்டினால் அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

பூரணியின் அத்தை வீரம்மா, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் நாலாம் வீட்டில் இருக்கிறாள். கடைசியான ஐந்தாம் வீட்டுக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டு, நுவரெலியாவில் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தங்க வைக்கிறாள். அப்போது அங்கே ஒரு வாரமாக இருந்தவள் இங்ரிட். நோர்வேக்காரி, பதினாறு வயது. உதவிக்கு என்று நல்லதண்ணி என்ற ஊரிலிருந்து பூரணி வந்து இரண்டே நாள்.

அன்று டவுனுக்குக் கிளம்பும்போது வீரம்மா பூரணியிடம் சொன்னாள்: "நம்மள நம்பி அனுப்பியிருக்காங்க. அந்தப் புள்ள மேல ஒரு கீறல் பட்டாலும், ஒன்ன நல்லதண்ணிக்கு நடத்தியே அனுப்பிருவேன்."

மாலை 4.20. பூரணி தேத்தண்ணியோடு ஐந்தாம் வீட்டுக்குள் போனாள். வெளியே முற்றம்கூடத் தெரியாத பனிமூட்டம். கதவைச் சாத்தினாள்.

லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மூன்று தட்டினால், "இருக்கீங்களா?" பதிலுக்கு ஒன்று தட்டினால், "இருக்கேன்." பயமாக இருந்தால் தட்டும்படி இங்ரிட்டுக்கும் வீரம்மா சொல்லியிருந்தாள்.

"அத்தை நல்லவங்க," என்றாள் இங்ரிட், தெரிந்த தமிழில். "தினமும் தட்டுறேன். ஒடனே பதில்."

"அவங்களா? படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாங்க." பூரணி சிரித்தாள். "எங்க தட்டுவ?"

இங்ரிட் கட்டிலை ஒட்டிய இடப்பக்கச் சுவரைக் காட்டினாள்.

பூரணியின் சிரிப்பு நின்றது. அத்தை வீடு வலப்பக்கம். இடப்பக்கம் வீடே இல்லை. வெறும் மண்மேடு.

4.37. கடக்... வெளியே கதவின் கொண்டி விழுந்து பூட்டிக்கொண்ட சத்தம்.

பூரணி ஓடிப்போய் இழுத்தாள். கதவு அசையவில்லை. "யாருங்க அது? உள்ள ஆள் இருக்கோம்!" ஜன்னலில் கம்பி. போனில் சிக்னல் இல்லை. கரண்டும் போனது.

வலப்பக்கச் சுவரைத் தட்டினாள். பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

பதில் இடப்பக்கம் கேட்டது.

தொக்... தொக்... தொக்.

இங்ரிட் பழக்கத்தில் கையைத் தூக்கினாள். பூரணி பாய்ந்து பிடித்தாள். "தட்டாத!"

"ஏன்? பாவம், கேக்குறாங்க."

"அங்க வீடு இல்ல."

தொக்... தொக்... தொக். இப்போது இன்னும் கீழே. ஒரு சின்னப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில்.

5.10. 5.25. 5.40. விட்டு விட்டு, அதே மூன்று.

இங்ரிட்டின் இரண்டு கைகளும் பூரணியின் பிடிக்குள் இருந்தன.

தொக்... தொக்... தொக்.

அப்புறம், அறைக்குள்ளிருந்து...

தொக்.

ஒரே ஒரு தட்டு.

அவர்கள் அசையவே இல்லை.

5.52. கதவு திறந்தது. கையில் மரக்கறிப் பையோடு வீரம்மா. "ஏன்டி, இருட்டுல என்னா பண்றீங்க?"

"யாரோ வெளியில கொண்டி போட்டுட்டாங்க அத்தை!"

"எந்தக் கொண்டிடி? இவங்கள்லாம் தங்குறாங்கன்னு நாந்தான் அத எப்பவோ கழட்டிட்டேனே."

பூரணி கதவைத் தடவிப் பார்த்தாள். நான்கு பழைய ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

நடந்ததைக் கேட்டதும் வீரம்மா பையை வைத்துவிட்டு இடப்பக்கச் சுவரைப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். முன்பு அந்தச் சுவருக்கு அப்பால் ஆறாம் வீடும் இருந்ததாம். ஒன்பது வருஷத்துக்கு முன், ஒரு மழை நாள். அஞ்சு வயது மகள் வெளியே போகாமலிருக்க, அந்த வீட்டுத் தாய் வெளியில் கொண்டி போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். மண் சரிந்து அந்த வீட்டை மூடியது. அப்போது ஐந்தாம் வீட்டில் இருந்தது வீரம்மா.

"ராத்திரி முழுக்க அந்தப் புள்ள மூணு தட்டும். நான் ஒண்ணு தட்டுவேன். காலையில தோண்டுனாங்க. கூரை இடியல. கதவுல போட்ட கொண்டி போட்டபடியே இருந்துச்சு."

"புள்ள?"

"உள்ள யாருமே இல்லடி."