கழுத்துக்குக் கீழே எல்லாம் நான்

பாதுஷாவின் சபையில் இருக்கும் மேதைகள் எல்லாரும் எனக்கு நெருக்கம். எவ்வளவு நெருக்கம் என்றால், அவர்கள் அங்கியை நான்தான் போட்டுக்கொள்கிறேன். கணக்கில் புலி, வைத்தியத்தில் சூரன், பாட்டில் கந்தர்வன் என்று ஆக்ரா முழுக்கப் பேசப்படுகிற அந்தப் பெரிய மனிதர்களின் படங்களைச் சித்திரக்கூடத்தில் வந்து பாருங்கள். கழுத்துக்கு மேலே இருப்பது அவரவர் முகம். கழுத்துக்குக் கீழே இருப்பது துலாரே, அதாவது அடியேன்.

தன் சபையோர் அத்தனை பேரையும் படமாக எழுதிவைக்க வேண்டும் என்று பாதுஷாவுக்கு ஆசை. ஆனால் ராஜ்யத்தைத் தாங்குகிறவர்களுக்கு நாள் கணக்கில் அசையாமல் நிற்க நேரம் ஏது? முகம் எழுதுகிறவர் தர்பாரில் ஓரமாக நின்று முகத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடுவார். உடம்புக்குத்தான் வேலையில்லாத ஆள் ஒருவன் வேண்டும். பிரபுவின் வீட்டிலிருந்து அங்கியும் இடைக்கச்சையும் கட்டாரியும் வரும். அதையெல்லாம் மாட்டிக்கொண்டு நான் நிற்பேன், உஸ்தாத் கலீல் மடிப்பு மடிப்பாக எழுதுவார். ஊருக்கெல்லாம் பத்தியம் சொல்லும் ஹக்கீம் சாகிபுக்குப் படத்தில் என் தொந்தி அமைந்துவிட்டது. அதைப் பார்த்துப் பாதுஷா சிரித்துவிட்டாராம். அன்றிலிருந்து ஹக்கீம் வழியில் என்னைக் கண்டால் என் முகத்தைப் பார்க்கமாட்டார், வயிற்றைத்தான் முறைப்பார்.

உஸ்தாதுக்கு மடிப்பு கலையக் கூடாது. அன்றைய வேலை முடியும்வரை அங்கியைக் கழற்ற விடமாட்டார். மதியச் சாப்பாட்டுக்கும் அப்படியே வீட்டுக்குப் போய்வருவேன். முசல்மான் பிரபுக்கள் அங்கியின் முடிச்சை வலப்பக்கம் போடுவார்கள், எங்கள் ஆட்கள் இடப்பக்கம். நான் யாருக்கு நிற்கிறேனோ அந்தப் பக்கம். என் மனைவி சுகியா வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள்:

"இன்னிக்கு எந்தப் பக்கம்? சொல்லிட்டு உள்ள வா. யாருக்குச் சோறு போடுறேன்னு தெரியணும்ல?"

எங்களுடையது பல்லக்குத் தூக்கும் குலம். என் அப்பா, அண்ணன்மார் எல்லாரும் தோள் காய்த்தவர்கள். நானும் தூக்கினேன். ஆனால் எனக்கு ஒரு வியாதி: யாரைத் தூக்குகிறேனோ அவர் நடை எனக்கு வந்துவிடும். மற்ற மூன்று பேரும் பல்லக்குக்காரன் நடை நடக்க, நான் மட்டும் உள்ளே இருக்கும் கோட்டை அதிகாரி மாதிரி மார்பை நிமிர்த்தி மெதுவாக நடந்தால் பல்லக்கு என்ன ஆகும்? ஒருநாள் கஜானா எழுத்தர் ஒருவரின் அத்தை பல்லக்கோடு சேற்றில் உருண்டாள். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ ஒண்ணு பல்லக்குக்கு உள்ள ஒக்காரணும், இல்ல வீட்ல ஒக்காரணும். தூக்காத, சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அப்படித்தான் சித்திரக்கூடத்துக்குத் தண்ணீர் சுமக்க வந்து, பிறகு நிற்கிறவன் ஆனேன்.

நிற்கிற வேலையையாவது நின்று பார்த்தேனா என்றால், இல்லை. ஒருவர் எப்படி நடக்கிறார் என்று தெரியாமல் அவரைப் போல நிற்க முடியாது என்பது என் கொள்கை. விடுமுறை நாளில் கோட்டை வாசலில் காத்துக் கிடந்து, பல்லக்கிலிருந்தும் குதிரையிலிருந்தும் இறங்கும் மேதைகளின் நடையைப் பார்த்து மனப்பாடம் செய்வேன். உஸ்தாத் தலையில் அடித்துக்கொள்வார்.

"துலாரே, ஒனக்கு நிக்கத்தாம்ப்பா கூலி. நடக்குறதுக்கு நான் எங்கேருந்து குடுப்பேன்?"

இருந்தாலும் எனக்குள் ஒரு கர்வம். சபையின் ரத்தினங்களைப் பற்றி ஊர் பேசும்போதெல்லாம் நானும் அதில் ஒரு துண்டு என்று நினைத்துக்கொள்வேன். கல் பதிக்கிற தகரம் என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரத்தினங்களில் ராய் ஹரிபன்ஸ் என்று ஒருவர் இருந்தார். தண்ணீர் சாஸ்திரம் தெரிந்தவர். எந்த ஆற்றில் எங்கே படகுப் பாலம் கட்டலாம், எந்த மாதத்தில் யானையை இறக்கலாம் என்று அவரைக் கேட்காமல் பாதுஷா ஒரு வாய்க்காலைக்கூடத் தாண்டமாட்டார். ராய்ஜியின் நடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மார்பு நிமிர்ந்திருக்கும், அவசரம் இருக்காது. இடது கை முதுகுக்குப் பின்னால், அதில் இரண்டு விரல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மனசுக்குள் ஏதோ ஓர் ஆற்றின் வேகத்தை எண்ணுகிறார் என்று ஊர் சொல்லும். நான் அந்த இரண்டு விரலை மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பழகினேன்.

குளிருக்கு முன்னால் வடக்கே மலைப்பக்கம் போன படையோடு ராய்ஜியும் போனார். ஆற்றில் படகுப் பாலம் அறுந்தது. பாலத்தில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர் ஆற்றோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லாவிட்டால் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து எரிப்பது வழக்கம். ராய்ஜியின் தம்பி அதற்கு நாள் பார்த்தார். ஆனால் ராய்ஜியின் மனைவி சம்மதிக்கவில்லை. "கண்ணால பாக்காம வளையல ஒடைக்க மாட்டேன்" என்றுவிட்டாள். வீட்டில் ஒப்பாரி கூடாது என்று கட்டளை. தினமும் குங்குமம் வைத்துக்கொண்டு, தினமும் அவருக்கு ஓர் இலை போடச் சொன்னாள். யாராவது வந்து ஒரு செய்தி சொல்லவேண்டும் என்று காத்திருந்தாள்.

இங்கே சித்திரக்கூடத்துக்கு உத்தரவு வந்தது: ராய்ஜியின் படம் எழுதப்படவில்லை, உடனே எழுதுங்கள். முகம் பழைய தாளொன்றில் இருந்தது. அவர் வீட்டுப் பெட்டியிலிருந்து நீல அங்கி ஒன்றைத் தம்பி கொடுத்தனுப்பினார். வெட்டிவேர் வாசம் போகாத அங்கி. அதைப் போட்டுக்கொண்டதும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

மதியம் உஸ்தாத் சாப்பிட்டு வரச் சொன்னார். வீட்டுக்குக் குறுக்குச் சந்து இருக்கிறது. நான் குறுக்குச் சந்திலா போவேன்? வெயிலுக்குத் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக, மார்பை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டி, விரல் தாளத்தோடு போனேன். நாணயம் மாற்றுகிற செட்டி பாதி எழுந்து, என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். கச்சோரிக் கடையைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "ராய்ஜி! எஜமான்!" என்று கூப்பிட்டது. கச்சோரிக்காரன் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். ராய்ஜி கடைத்தெருவில் கூப்பிட்டால் திரும்பமாட்டார், கையை மட்டும் லேசாகத் தூக்குவார். நானும் தூக்கினேன், அச்சு அசலாக. சந்தில் திரும்பி, வீட்டுக்குப் போய், வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சத்துமாவு தின்றேன்.

மறுநாள் காலையில் சுகியா கிணற்றடியிலிருந்து குடத்தோடு ஓடிவந்தாள்.

"கேட்டியா சேதிய? ராய்ஜி உசுரோட இருக்காராம்! அவங்க வீட்டு வாசக்காரன் பிர்ஜு பாத்தானாம். நீல அங்கி போட்டுக்கிட்டு கச்சோரிக் கடைப் பக்கம் போனாராம். கூப்புட்டா திரும்பாம கைய மட்டும் தூக்குனாராம். கூட்டத்துல தவற விட்டுட்டானாம். அந்தம்மா பூரிச்சுப் போயி ஊருக்கே அல்வா கிண்டிப் போடுது. நாலு தெசைக்கும் குதிரை அனுப்பியிருக்கு. தர்ப்பைக் கட்ட தூக்கித் தெருவுல எறிஞ்சிடுச்சாம்."

எனக்கு வாயில் இருந்தது வாயிலேயே நின்றது. சுகியா குடத்தை மெதுவாக இறக்கினாள்.

"நேத்து நீ என்ன அங்கி போட்டிருந்த?"

"நீலம்."

"அட பாவி மனுசா!"

வாழ்நாள் முழுக்க யாராவது என்னைப் பிரபு என்று நம்பமாட்டார்களா என்று ஏங்கியவன் நான். நம்பினார்கள். அதுவும் இறந்துபோனவர் என்று நம்பினார்கள்.

"ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்" என்றேன்.

"அடங்குமா? அந்தப் பொம்பள சாகுற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும். நீ போய்ச் சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

சித்திரக்கூடத்துத் தலைவர் மீர் பாகிரிடம் சொன்னபோது அவருக்கு முகம் வெளுத்தது. "நீயே போ. அந்த அங்கியப் போட்டுக்கிட்டுப் போ. வாயால சொன்னா ஒன்ன யாரும் நம்ப மாட்டாங்க" என்றார். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்னதில் சரியானது அதுதான்.

ராய்ஜியின் வீட்டு வாசலில் பிர்ஜு நின்றிருந்தான். நரைத்த மீசை. ஆயுள் முழுக்க அந்த வாசலில் எஜமானுக்குக் குதிரை பிடித்தவன். தூரத்தில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். பக்கத்தில் வந்ததும் நின்றான். அவன் முகம் போன போக்கை நான் எழுதமாட்டேன்.

முற்றத்தில் ராய்ஜியின் தம்பி என்னைச் சவுக்கால் அடிக்க வேண்டும் என்று குதித்தார். மூங்கில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அவரை நிறுத்தியது.

"அவன நடக்கச் சொல்லு."

நடந்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியாதவன், நடந்தேன். மார்பு, கை, விரல் எல்லாம் சரியாக இருந்தன. பிர்ஜு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "இதேதாம்மா! நான் பாத்தது இதேதான்!"

திரைக்குப் பின்னால் ராய்ஜியின் மனைவி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"பிர்ஜு, நீ வாசலோட நின்னுட்ட. இது தர்பார் நடைடா. வாசப்படியத் தாண்டினா வர்ற நடை. வீட்டுக்குள்ள அவருக்கு வலது முட்டி மடங்காது. செவுத்தப் புடிச்சிக்கிட்டு, ஒவ்வொரு அடிக்கும் என்னைத் திட்டிக்கிட்டே நடப்பாரு. அந்த வெரல் தாளம் இருக்கே, ஆத்த எண்ணுறாருன்னு ஊரெல்லாம் கத கட்டுச்சு. வலி வந்தா அப்படித் தட்டுவாரு."

ஒரு மழைக்காலம் முழுக்கப் பழகியது ஒரு மனிதரின் முட்டி வலியை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஊருக்கு வந்திருந்தா கச்சோரிக் கடைக்கா போவாரு?" என்றாள். குரல் உடைந்துகொண்டே வந்தது. "நேரா இங்க வந்து, எண்ணெயக் கொண்டுவாடின்னு கத்தியிருக்க மாட்டாரா? இது எனக்கு நேத்தே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுதான் அல்வா கிண்டுனேன் போல."

நான் தரையில் விழுந்தேன். "அம்மா, என்னை அடிக்கச் சொல்லுங்க."

"ஒன்ன அடிச்சு என்ன ஆகப்போவுது? எழுந்திரு. அவரு கெளம்புன அன்னிக்குச் சண்ட. இந்த முட்டிய வச்சிக்கிட்டு மலைக்குப் போகாதீங்கன்னேன். கேக்கல. நானும் கோவத்துல முற்றத்துக்கு வரல. போறதப் பாக்கல. நீ நட. இங்கேருந்து வாசல் வரைக்கும். அவரு எப்படிப் போயிருப்பாரோ அப்படி. வலது கால மடக்காத. செவுத்துல கைய வச்சுக்க. வாசப்படிகிட்ட வந்ததும் நிமிந்துக்குவாரு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நான் சுவரில் கை வைத்தேன். அந்த உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. வலது காலை மடக்காமல் இழுத்து இழுத்து நடந்தேன். எத்தனையோ பிரபுக்களின் நடையை அலட்சியமாக நடந்தவன், அந்த முற்றத்தைக் கடக்க முடியாமல் திணறினேன். கண் மறைத்தது. அழுகையை அடக்க முடியவில்லை, அழுதுகொண்டேதான் நடந்தேன். பிர்ஜு எனக்கு முன்னால் வாசலுக்கு ஓடி, இல்லாத குதிரையின் கடிவாளத்தைப் பிடித்ததுபோல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

வாசற்படியில் நிமிர்ந்தேன். கையைப் பின்னால் கட்டினேன். விரல்கள் தாளம் போட்டன.

"பாத்துப் போங்க" என்றாள் பின்னாலிருந்து.

படியைத் தாண்டினேன். உள்ளே கல்லில் வளையல் உடைகிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு எல்லாமும். திரும்பவேண்டும் போல இருந்தது. திரும்பினால் அவள் பார்க்கப்போவது என் மூஞ்சியை. கையை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டு நடந்தேன்.