எந்தக் கண்ணை மூடுவது

படித்தவர்கள் முன்னால் நின்றால், கேட்க நினைத்தது எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெருங்களத்தூரில் எழும்பும் அடுக்குமாடிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். இந்தக் கூச்சத்தால் என் மகளுக்குப் பதினைந்து நாள் வீணானது.

அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் கண் பார்க்க வந்தவர்கள், இடது கண்ணில் பார்வை குறைவு என்று சீட்டு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன்.

"கண்ணுல நோய் ஒண்ணும் இல்லைங்க. ரெண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் இருக்கறதால இடது கண்லேர்ந்து மங்கலான படம் மூளைக்குப் போகுது. மூளை தெளிவா வர்ற படத்த மட்டும் எடுத்துக்கிட்டு, இத ஒதுக்கிடுது. அப்படியே விட்டா அந்தக் கண்ணால பாக்கவே மூளை கத்துக்காது. சின்ன வயசுலயே பிடிச்சாச்சு, திருப்பிடலாம்" என்றார் டாக்டரம்மா. சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "அப்பா அம்மாவுக்கு இருந்தாலும் பிள்ளைக்கு வரும். நீங்களும் கொஞ்சம் உக்காருங்க."

என் வலது கண்ணை அட்டையால் மறைத்தார். பலகையில் இருந்த பெரிய எழுத்துகூடத் தண்ணீர் பட்ட பெயிண்ட் மாதிரி ஒழுகிக் கிடந்தது.

"உங்களுக்கும் இதேதான். அப்ப யாரும் கவனிக்கல. ரெண்டு படத்தையும் சேத்துத்தான் மூளை தூரத்தக் கணக்குப் போடும். உங்களுக்கு அது சரியா வராது."

சாரத்தில் அடுத்த கம்பைக் காலால் தடவித்தான் ஏறுவேன். பிரஷ்ஷைச் சுவரில் தொட்டுப் பார்த்துத்தான் கோடு இழுப்பேன். "இன்னா மச்சான், செவுத்துக்கு முத்தம் குட்த்துட்டுதான் ஆரம்பிப்பியா?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். என் பயந்த சுபாவம் என்றே நானும் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மனம் அதிலேயே சுற்றியது. கண்ணாடி, தினமும் ஒரு கண்ணை மூடி ஒட்ட வேண்டிய பேட்ச் என்று டாக்டரம்மா சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. எந்தக் கண்ணில் ஒட்டுவது? கேட்க வெட்கப்பட்டு வந்துவிட்டேன். சீட்டு முழுக்க ஆங்கிலம். சுவரில் விரிசல் விட்ட இடத்தில்தானே பட்டி பூசுகிறோம்? கண்ணாடி போட்டு, இடது கண்ணிலேயே ஒட்டினேன்.

பேட்ச்சோடு அவள் ஓடினாள், படம் வரைந்தாள். ஒருநாளும் சிணுங்கவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது. சிகிச்சை என்றால் கொஞ்சமாவது கஷ்டம் இருக்காதா? ஆனாலும் யாரிடமும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் சாரத்தில் நிற்கும்போது மனைவி போன் செய்தாள். ஒரு டீச்சர் வீட்டில் சமையல் வேலை செய்கிறாள்.

"யோவ், எந்தக் கண்ல ஒட்டிக்கினு கீற?"

"கெட்ட கண்லதான்."

"அடப்பாவி! சீட்ட டீச்சரம்மாகிட்ட காட்னேன். நல்ல கண்ண மூடணுமாம். அப்பதான் மூளை வேற வழியில்லாம கெட்ட கண்ணால பாக்குமாம். வாயத் தொறந்து கேட்டா முத்தா உதுந்துடும்?"

அன்று மாலை வலது கண்ணில் ஒட்டினோம். மகள் தம்ளரை எடுக்கப் போய்த் தட்டிவிட்டாள். "அப்பா, எல்லாம் கலங்கிக் கீதுப்பா" என்று பிய்க்கப் பார்த்தாள். கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "இத்தனை வாரத்துக்கு இந்த முன்னேற்றம் பத்தாதே. பேட்ச் தினமும் ஒட்டுனீங்களா?"

"ஒட்டுனோம் மேடம்."

பொய் இல்லை. அவர் சிகிச்சையை மாற்றி எழுதத் தொடங்கினார். என் வெட்கத்துக்காக இவள் வேறு சிகிச்சைக்கு ஆளாக வேண்டுமா?

"மேடம்... மொத பதினஞ்சு நாளு இடது கண்ணையே மூடிட்டேன். எந்தக் கண்ணுன்னு ஒங்களக் கேக்கல."

பேனா நின்றது. எழுதியதை அடித்தார். "நல்லவேளை சொன்னீங்க. அப்ப மாத்த வேண்டாம், இதையே தொடருவோம். பதினஞ்சு நாள் போனா போகட்டும், இனிமே ஒருநாள்கூட விடாதீங்க."

பஸ் ஸ்டாப்பில் வலது கண்ணை மூடிய மகளிடம், வருகிற பஸ்ஸின் நம்பரைப் படிக்கச் சொன்னேன். அவள் முதல் எண்ணைச் சொல்வதற்குள் எங்கள் பஸ் வந்து நின்று கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம்.