பல்பு தொட்டுப் பார்த்தவர்

தொண்ணூறுகளில் அம்பத்தூர் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில்தான் அவர் வண்டி நிற்கும். கேரியரில் பழைய கார் பேட்டரி, பின்சக்கரத்தோடு செயின் போட்டு இணைத்த மோட்டார், எல்லாம் அவரே பொருத்தியது. ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும். சாயங்காலம் ஸ்டேஷன் படியேறி இறங்கி வந்ததும் பேச முடியாமல் கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கிளம்புமுன் ஒரு ஹெட்லைட் பல்பின் ஒயரைப் பேட்டரியில் தொட்டு, வெளிச்சம் மங்குகிறதா என்று தினமும் பார்ப்பார். "மீட்டர் இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கீது சார். சும்மா கீறப்ப மீட்டரு பன்னண்டு வோல்ட்டுன்னு காட்டும். இப்டி பல்பு எரியவெச்சு லோடு குடுத்தா படுத்துக்கும். கள்ளிக்குப்பம் மேட்டுல நின்னுடும்."

"அப்ப மிதிச்சுக்கிட்டுப் போகலாமே?"

"மிதிச்சா நெஞ்ச அடைக்குது சார். அதுக்குத்தான் இந்த மோட்டாரே. டாக்டரு படுக்கவெச்சு இசிஜி எடுத்தாரு. எல்லாம் நல்லா கீதுன்னுட்டாரு."

"நடக்கவிட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்களேன்."

அவர் பல்பைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பேட்டரின்னா வேற வாங்கிக்கலாம் சார்" என்றார்.

ஐப்பசி மழையில் அந்த வண்டி பல நாள் அங்கேயே நின்றது. "காலைல வுட்டுட்டு ரயிலேறனவரு, திரும்பியே வர்ல" என்றார் ஸ்டாண்டுக்காரர். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது. அவர் பெயரை நான் கேட்டதே இல்லை, யாரிடம் போய் விசாரிப்பது?

பேட்டரியைத் தினமும் சந்தேகப்பட்டவர் டாக்டர் சொன்னதை எப்படி நம்பினார் என்று வெகுநாள் யோசித்தேன். அவர் நம்பவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.